ஐந்நூறு ரூபாய் சைக்கிள்

ஜூன் 9, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. இப்போது தென்காசிக்காரர்களாகிவிட்ட நாங்கள் பாத்ரூமில் குளித்துவிட்டு அந்தக் கூட்டத்தை வைதுகொண்டிருக்கிறோம்.

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. அட்டையில் ஒரு கல்யாணப் பெண் தலைகுனிந்து நிற்கிறாள். எனக்கு நாற்பத்தேழு வயது, அப்படிக் குனிந்து நிற்கும் வாய்ப்பு வரவில்லை. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறேன். ஆயிரத்துச் சொச்சம் கல்யாணம் என் கைவழியாக நடந்திருக்கிறது, என்னுடையதைத் தவிர.

எதிர்வீட்டு மாலினி மகனுக்குப் புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். அவள் புருஷன் சம்பளம் எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அந்தச் சைக்கிள் தெருவில் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைக்கின்றன. ஒன்று என் தங்கை மகள் நிறைமதி, ஏழு வயது. மற்றது அவள் தம்பி கோமதிநாயகம், ஐந்து வயது. அது அவனுடைய அப்பாவைப் பெற்றவரின் பெயர். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று தங்கை உலகு அவனைத் 'துரை' என்பாள். அந்த வீட்டிலும் அவன் துரைதான். நான் மட்டும் 'நாயகம்' என்று கூப்பிடுவேன். ஐந்து வயதுப் பையனை அப்படிக் கூப்பிட்டால் அவனே வேட்டியைச் சரிசெய்துகொள்வதுபோல் டவுசரை இழுத்துவிட்டுக்கொள்கிறான்.

ஜூன் 12

"சைக்கிள் கியிக்கிள் ஒண்ணும் வேண்டாம்க்கா" என்றாள் உலகு. "வாசலத் தாண்டப்படாது ரெண்டும்."

காரணம் உண்டு. எழுதியே தீரவேண்டும், இல்லாவிட்டால் அவளை நான் குறை சொல்வதாக ஆகிவிடும். போன நவம்பரில் உலகு இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கட்டைப்பையோடும் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். அவளுடைய இடது கை அதற்குப் பிறகு நேராக நீளவில்லை. அம்பாசமுத்திரத்தில் இருந்த வீட்டைக் காலி செய்து, போன் நம்பர்களை மாற்றி, யாருக்கும் சொல்லாமல் இந்தக் காலனிக்கு வந்தோம். அந்த ஆளின் பெயரை இங்கே சொல்வதில்லை. அவன் ஊரைத்தான் சொல்வோம். தூத்துக்குடி. வீட்டில் உப்புப் பாக்கெட் கூட வேறு ஊரில் எடுத்ததாகப் பார்த்து வாங்குகிறோம்.

வழக்கு ஆகஸ்ட் 21இல் வருகிறது. வக்கீலம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "பிள்ளைக அதுவரைக்கும் உங்க கையில இருக்கணும். அதுகளா விரும்பி அப்பாகிட்டப் போச்சுன்னு ஒரு தடவை ஆயிட்டா, கோர்ட்ல அத மாத்த எனக்கு வருஷக்கணக்காகும்."

சரிதான். ஆனால் ஜன்னல் கம்பி பட்டு இரண்டு நெற்றிகளிலும் தழும்பு விழுகிறது.

ஜூன் 16, ஞாயிறு

உலகு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனதும் நான் பழைய இரும்புக்கடைக்குப் போனேன். முந்நூற்றைம்பதுக்கு ஒரு சின்னச் சைக்கிள். நிறம் ஒருகாலத்தில் ரோஸ் ஆக இருந்திருக்கலாம். சைடு வீல் கேட்டேன், இல்லை. அதுவே நல்லது என்றார் எங்கள் மிஷின்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி. "பெடலக் கழத்திருங்க. சீட்ட எறக்குங்க. ரெண்டு பாதமும் தரையில படணும். சும்மா காலால உந்தி உந்திப் போகட்டும். பேலன்சு வந்த பெறகு பெடல மாட்டுங்க. ஒத்தப் பைசா செலவில்ல."

பெடலைக் கழற்ற ஒரு மணிநேரம் ஆயிற்று. வலது பெடல் கழன்றுவிட்டது. இடது பெடலோடு நான் மல்லுக்கட்டி, வைது, கடைசியில் ஸ்பேனரின் மேல் ஏறியே நின்றேன். இடது பக்க மரை தலைகீழாகச் சுற்றுமாம். அண்ணாச்சி அதைச் சொல்ல மறந்துவிட்டார். நான் ஒரு மணிநேரமாக அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உலகு வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளையார் கோயில் வரைக்கும்தான்" என்றாள்.

ஜூன் 19

ஒரு சைக்கிள், இரண்டு பிள்ளைகள். இன்று நாயகம் அக்காவைக் கடித்தான். மதி சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டாள். நான் நடுவில் நீதி வழங்கப்போய் முழங்காலில் அடிவாங்கினேன்.

ஜூன் 20

போனில் 'தென்காசி வாங்க விற்க' என்று ஒரு குழு இருக்கிறது. அதில் ஒரு விளம்பரம் போட்டேன். மற்றவர்கள் போடும் விளம்பரத்தைப் பார்க்க வேண்டுமே! 'பழைய பிரிட்ஜ் வேனும் கால்' என்கிறார்கள். யாருக்கு, எங்கே, எப்போது? ஒன்றும் கிடையாது. பெயர், ஊர், நாள், நேரம், இடம், அழைப்பவர் இவற்றில் ஒன்று விட்டுப்போன பத்திரிகையை என் வாழ்நாளில் நான் அச்சுக்கு விட்டதில்லை. என்னுடையதை இங்கே எடுத்து வைக்கிறேன்:

'செல்வி நிறைமதி (வயது 7, உயரம் நான்கு அடிக்குச் சற்றுக் குறைவு), செல்வன் கோமதிநாயகம் (வயது 5, உயரம் மூன்றரை அடி) ஆகியோருக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய சைக்கிள் ஒன்று தேவை. எந்நாளும் மாலை ஐந்து மணிக்குமேல், கிழக்குக் காலனி, மூன்றாம் தெரு, 14ஆம் எண் இல்லத்தில் அணுகவும். இங்ஙனம், சு. செண்பகவல்லி.'

ஒரு பிழை கிடையாது. பதினெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று நான் அடித்த பேரத்தை நினைத்தால் எனக்கே என் காலில் விழத் தோன்றுகிறது.

ராஜகனி என்று ஒரு பெண் கூப்பிட்டாள். புதிது மாதிரியே ஒரு சைக்கிள், தன் மகன் வளர்ந்துவிட்டானாம். எண்ணூறு சொன்னாள், நானூறு கேட்டேன், ஐந்நூறுக்கு முடிந்தது. அதுவும் லோடு ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினாள். அருமையான மனுஷி. காதில் பெரிய கம்மல், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. எனக்கு இப்படிப் பேச ஆள் கிடைத்து ஏழு மாதம் ஆகிறது. டீ போட்டுக் கொடுத்தேன். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடுவார்கள், வேனா நடையா, அம்மா எங்கே வேலை, எப்போது வருவாள் என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்டாள்! நானும் விலாவாரியாகச் சொன்னேன்.

நாயகத்தைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தாள். "துரைக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குல்லாக்கா" என்றாள்.

அளவுதான் விளம்பரத்திலேயே இருக்கிறதே. ஆண்பிள்ளை என்றால் நம் பக்கத்தில் எல்லாருமே துரைதான்.

உலகு கேட்டாள், "இது ஏது?"

"நாலாம் தெருவுல மாறுதலாகிப் போறாங்க. சும்மா குடுத்துட்டாங்க" என்றேன்.

எதற்குப் பொய் சொன்னேன்? ஐந்நூறு ரூபாய் என்றால் வைவாள். அவ்வளவுதான்.

ஜூன் 30, ஞாயிறு

மதிக்குப் பேலன்ஸ் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சின்ன இறக்கத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்தடி மிதந்தாள். பெடலை மாட்டினேன், இந்தத் தடவை சரியான பக்கம் சுற்றி. அவள் மார்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, முனையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். என் முழங்கால் போட்ட சத்தத்தில் நாய் ஒன்று வழிவிட்டது. "கீழ பாக்காத, தூரமாப் பாரு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு கட்டத்தில் துண்டு மட்டும் என் கையில் இருந்தது. அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

பிள்ளையார் கோயிலைத் தாண்டிவிட்டாள். காலனி முனை வரைக்கும் போய்த் திரும்பினாள். தாண்டட்டும். எத்தனை நாளைக்கு ஜன்னலிலேயே நிற்பாள்?

உலகுவிடம் பிள்ளையார் கோயில் என்றே சொன்னேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலனி முனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. TN 69. எழுத்தையும் எண்ணையும் பார்த்தால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது, அது தொழில் வியாதி. 69 தூத்துக்குடிதான். ஆனால் இது சீசன். மதுரை, நாகர்கோவில், கேரளா என்று எல்லா ஊர் வண்டியும் நிற்கிறது. தூத்துக்குடிக்காரர்கள் மட்டும் குளிக்கக்கூடாது என்று சட்டமா?

நாயகமும் காலைத் தூக்கிவிட்டான். மூன்று தடவை விழுந்தான். இரண்டு தடவை அழுதான். மூன்றாவது தடவை சைக்கிளை உதைத்தான்.

ஜூலை 10

அதே கார். உள்ளே ஆள் இருக்கிறதா தெரியவில்லை, கண்ணாடி கறுப்பு. அருவிக்குப் போகிறவர்கள் ஈரத்துணியைக் காரின் மேல் காயப்போடுவார்கள். இதில் ஒரு துண்டு கூட இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

நாயகம் முனைவரை போய்விட்டு வந்தான். வாயைச் சுற்றி வெள்ளைத் தூள். கையில் பாதி மக்ரூன்.

"யாருடா குடுத்தா?"

"ஒரு மாமா."

"எந்த மாமா?"

"சைக்கிள் நல்லா ஓட்டுதியேன்னு குடுத்தாங்க."

மக்ரூன் தூத்துக்குடியில்தான் கிடைக்கும் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது பஸ் ஸ்டாண்டு பேக்கரியிலேயே பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியை வாங்கி நான் தின்றுவிட்டேன். உலகு வருவதற்குள் அவன் வாயைத் துடைத்தேன். நல்ல மக்ரூன்தான்.

ஜூலை 20

ராஜகனி கூப்பிட்டாள். சைக்கிளைப் பற்றி விசாரிக்கத்தான். பழைய சாமானை விற்ற பிறகு கூப்பிட்டு விசாரிக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

"ரெண்டு பேரும் ஓட்டுதாங்களாக்கா? ரோட்டுக்கு வாராங்களா? எந்த நேரம்?"

இந்தத் தடவை நான் கொஞ்சம் சுருக்கமாகத்தான் சொன்னேன். சாயங்காலம், ஞாயிறு காலை. அவ்வளவுதான் சொன்னேன்.

மதிக்கு ஏற்ற பெரிய சைக்கிள் ஒன்று சும்மாவே இருக்கிறதாம். கியர் வைத்ததாம். "நீங்க மெனக்கெட வேண்டாம்க்கா. அடுத்த ஞாயித்துக்கிழம ஒம்போது மணிக்குப் பாப்பாவ மட்டும் முனைக்கு அனுப்புங்க. உயரம் பாத்துக் குடுத்து விடுதேன்."

கியர் வைத்த சைக்கிள் கடையில் எட்டாயிரம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன். மதி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், போனை வைத்த பிறகுதான் பார்த்தேன்.

ஜூலை 22

எழுத ஒன்றுமில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். சாரலில் மரம் உப்பித் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை, அதனால்தான்.

ஜூலை 25

உலகு ஆட்டோவில் வந்தாள். அவள் ஆட்டோவில் வருகிறவளே இல்லை. கடைக்கு எதிரில் ஒரு பெண் நின்று தன்னையே பார்த்ததாகச் சொன்னாள். எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"பெரிய கம்மல்" என்றாள்.

நான் எழுந்துபோய்ச் சோற்றை வடித்தேன். சோறு ஏற்கெனவே வடித்துத்தான் இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

நிதானமாக எழுதுகிறேன். இனிமேல் எதையும் விட்டுவிடக்கூடாது.

நான் மதியை அனுப்பவில்லை. இது சத்தியம். ஆனால் வேண்டாம் என்றும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சைக்கிள் விஷயம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தெரியும். சனிக்கிழமை அவள் என்னிடம் "கியருன்னா என்ன பெரியம்மா?" என்று கேட்டாள். நான் விளக்கினேன்.

ஒன்பது மணிக்கு உலகு தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நாயகம் தோசை தின்றுகொண்டிருந்தான். மதியைக் காணவில்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கியபோது, முனையிலிருந்து ஒரு பச்சைச் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அது அவளைவிடப் பெரியது. சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்து வந்தாள். பின்னால் அந்த வெள்ளைக் கார் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடைக் கூட்டம். ஹாரன் மேல் ஹாரன். ஒருவரும் நகரவில்லை. தென்காசியில் கறிக்கடை வரிசையை ஹாரன் அடித்து நகர்த்த முடியாது.

மதிக்கு நிறுத்தத் தெரியவில்லை. கால் தரைக்கு எட்டவில்லை. நேராக எங்கள் கேட்டில் வந்து மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். அழவில்லை.

"அப்பா வந்திருந்தாரு பெரியம்மா" என்றாள். "அந்த ஆன்ட்டியும் நின்னாங்க. அப்பா என்னத் தூக்கிச் சைக்கிள்ல வச்சு, 'ஏறிப் பாருட்டி'ன்னாரு. கால் எட்டல. அவருதான் பிடிச்சிருந்தாரு. பெறகு, 'தம்பியையும் பெறவு வந்து கூட்டிக்கிடலாம், நீ கார்ல ஏறு'ன்னாரு. கதவத் தொறக்க ஒரு கைய எடுத்தாரு."

"அப்புறம்?"

"நான் மிதிச்சிட்டேன்."

ஈரத் தலையோடு உலகு வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கார் எங்கள் வீட்டைத் தாண்டி மெதுவாகப் போயிற்று. கண்ணாடி இறங்கவில்லை.

"முனைக்கு யாருட்டி போகச் சொன்னா?" என்று உலகு கேட்டாள். மதி என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்து அந்த விளம்பரத்தை உலகுவிடம் காட்டினேன். அவள் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரு நம்பர் வரைக்கும் போட்டிருக்கியேக்கா" என்றாள்.

ஜூலை 29

காலையில் உலகு பையை எடுத்து வைத்தாள். வக்கீலம்மாவுக்குச் சொல்லியாயிற்று. வேறொரு ஊரில் பாதுகாப்பான ஓர் இடம், விசாரணை நாளன்று நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"எங்கட்டி?" என்றேன்.

உலகு என்னைப் பார்த்தாள். "யக்கா, நீ மனசறிஞ்சு யாருக்கும் கெடுதல் பண்ண மாட்ட. ஆனா உன்கிட்ட ஒண்ணச் சொன்னா ஊருக்கே மைக் வச்சுச் சொன்ன மாதிரி. சொல்லணுமா வேண்டாமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

"சொல்லாத" என்றேன். "எனக்கே என்ன நம்ப முடியல."

பஸ் ஏறும்போது குனிந்து என் காதில் சொல்லிவிட்டாள். "பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா நீ ஒருத்திதான் வரணும், அதுக்காக." அந்தக் கோணல் கையால் என் கையை ஒருமுறை அழுத்தினாள். நாயகம் சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றச் சொல்லி அழுதான்.

ஜூலை 31

சைக்கிள்களை வாசலிலேயே வைத்திருக்கிறேன். காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் வேறு பக்கம். நாயகத்தின் டவுசரைக் கொடியில் போடுகிறேன், ஈரமாகவே எடுக்கிறேன். ஐந்து மணிக்கு உள்ளே நின்றுகொண்டு, "மதி, தம்பியோட சண்டை போடாத" என்று சத்தம் கொடுக்கிறேன். மாலினி எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, கிட்டே வராதே என்றேன். மாலினியிடம் எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் சுருக்கமான பதில்.

ஆகஸ்ட் 3

கார் இரண்டு நாளாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5

ராஜகனி. "பிள்ளைகள வெளியவே காணலையேக்கா?"

அம்மை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

இதற்கு முந்தின பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதில் உலகு போன ஊரின் பெயரை எழுதியிருந்தேன்.

ஆகஸ்ட் 12

பத்து மணிக்குத் தூத்துக்குடிக்காரன் வந்தான். தனியாக. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கதவைத் தட்டக்கூட இல்லை, "மயினி" என்று முறை சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் உள்ளே கூப்பிட்டு மணைப்பலகை போடுவார்கள். நானும் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினால் பிள்ளைகள் இங்கே இல்லை என்று தெரிந்து வேறு இடத்தில் தேடப் போய்விடுவான்.

அறைகளைப் பார்த்தான். கொடியில் கிடந்த டவுசரைத் தொட்டுப் பார்த்தான். வந்து உட்கார்ந்தான்.

"எங்க மயினி?"

"டாக்டர்ட்ட."

"எந்த டாக்டர்?"

நான் டீ போட்டேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றான். "உங்க வாய் எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னைக்கே எங்க அம்மைட்ட உங்க வீட்டுக் கதை பூரா சொன்னவுக நீங்க. நான் இப்படி உக்காந்திருக்கேன். நீங்க பேசுங்க."

பேசினேன். மாலினி புருஷன் சம்பளம், அவன் அண்ணன் சீட்டுப் பிடித்து ஓடியது, அச்சகத்தில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிப்போன பத்திரிகை, இரண்டாம் தெரு வாத்தியார் வீட்டில் மூன்று மாதமாக வந்துபோகும் ஒரு ஸ்கூட்டர். ஒன்றரை மணிநேரம். மூன்று டீ. அவன் ஒரு தடவையும் குறுக்கே பேசவில்லை. கண்ணை என் வாயிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெயரும் நாக்கு நுனிக்கு வரும்போது, இதுதானா என்று அவன் தலை லேசாகச் சாய்ந்தது. அதன்பிறகு ஊர்ப் பெயர் வராத கதையாகத் தேடித் தேடிச் சொன்னேன். எனக்கு அவ்வளவு கதை தெரியும் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

எழுந்தான். வாசலில் நாயகத்தின் சைக்கிளை ஒரு கையால் தூக்கிக் காரின் பின்னால் வைத்தான்.

"துரை எங்கூட வாரப்ப வேணும்லா" என்றான். "நாளைக்கும் வாரேன் மயினி. எனக்கு அவசரமில்ல."

கார் போனபிறகு கதவைத் தாழிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. வெளியே நிற்கிற ஒருவன் ஜன்னல்வழியே பார்த்தால் உதட்டிலிருந்தே படித்துவிடலாம் போலிருந்தது.

உதட்டை மூடிக்கொண்டேன். கோர்ட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.